உருளைக்கிழங்கு உப்பை இழுக்காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை ஆனையூரிலிருந்து எழுதுகிறேன். எனக்கு வயது 64. உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் சமையல் பக்கத்தைப் பல வருஷமாகக் கத்தரித்துச் சேர்த்து வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தின் மேல் இருக்கிற மரியாதையால்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் கட்டம் கட்டி ஒரு குறிப்பு வந்திருந்தது. குழம்பில் உப்பு கூடிவிட்டால் ஓர் உருளைக்கிழங்கைத் தோல் சீவிப் போட்டுக் கொதிக்க விட வேண்டும், அது உப்பை இழுத்துக்கொள்ளும் என்று. இது ஊரெல்லாம் சொல்வதுதான், என் அம்மாவும் சொன்னதுதான். ஆனால் அதை நம்பி எங்கள் வீட்டு மாடியில் ஒரு பெண் ஒரு கிலோ கறிக்குழம்பைக் கொட்டப் போனாள்.

அவளுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டிப் பக்கமிருந்து மாமனாரும் மாமியாரும் முதல் தடவையாக அவள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். காலையிலேயே கறி எடுத்து, சின்ன வெங்காயம் உரித்து, எல்லாம் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறாள். கடைசியில் ருசி பார்த்தால் உப்புக் கரிக்கிறது. உங்கள் குறிப்பு ஞாபகம் வந்து இரண்டு கிழங்கைப் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்க விட்டாள். குறையவில்லை. இன்னும் பத்து நிமிஷம் விட்டாள். இப்போது முன்பைவிட அதிகமாகக் கரித்தது. கரிக்காமல் என்ன செய்யும்? கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகப் போய்விடுகிறது, உப்பு சட்டியிலேயே நிற்கிறது.

மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். தொட்டிக்கு மேல் சட்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது. "கெடுத்துட்டேன் பெரியம்மா. கொட்டிட்டுக் கடையில வாங்கிக்கலாம்னு அவர் சொல்றார்" என்றாள். "சட்டியைக் கீழே வை" என்றேன். எனக்கே சத்தம் கொஞ்சம் கூடிப்போயிற்று.

நான் ஏன் அப்படிப் பதறினேன் என்று சொல்லிவிடுகிறேன். 1996 முதல் 2019 வரை கோரிப்பாளையத்தில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு சின்ன மெஸ் நடத்தினோம். பெரியாஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள், கல்லூரிப் பையன்கள், பஸ்ஸுக்குப் போகிற வழியில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் என்று மதியத்துக்கு எண்பது பேர் வருவார்கள். இலை போட்டாயிற்று, ஆட்கள் உட்கார்ந்தாயிற்று, குழம்பு சரியில்லை என்றால் பத்து லிட்டரை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? சரிசெய்துதான் ஆக வேண்டும். குழம்பு வைக்க என் அம்மாவிடம் கற்றுக்கொண்டேன். கெட்ட குழம்பை மீட்க மெஸ்ஸில்தான் கற்றுக்கொண்டேன். இரண்டாவதைக் கற்க இருபது வருஷம் ஆனது. அதைச் சமையல் பக்கங்களில் யாரும் எழுதுவதில்லை என்பதே என் குறை.

உருளைக்கிழங்கு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். எங்களிடம் மாதச் சாப்பாடு சாப்பிட்ட பையன்களில் ஒருவன் வேதியியல் படித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் சாம்பாரில் நான் கிழங்கு போடுவதைப் பார்த்துவிட்டு, "அக்கா, அது உப்பை மட்டும் தனியாப் பிரிச்சு எடுக்காது. உப்புத் தண்ணியா சேர்த்துத்தான் குடிக்கும். மிச்சம் இருக்கிற தண்ணி அதே கரிப்புலதான் இருக்கும்" என்றான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அன்று ராத்திரியே ஒரே அளவான இரண்டு பாத்திரங்களில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, இரண்டிலும் ஒவ்வொரு ஸ்பூன் உப்புப் போட்டு, ஒன்றில் மட்டும் கிழங்கு போட்டு வேகவைத்தேன். ஆறிய பிறகு இரண்டையும் பழைய அளவுக்கு வெந்நீர் ஊற்றி நிரப்பி, வீட்டுக்காரர் கையில் கொடுத்து எது எது என்று சொல்லாமல் ருசி பார்க்கச் சொன்னேன். அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. நாலைந்து கிழங்கு போட்டுச் சேர்த்தே சாப்பிட்டால் கொஞ்சம் பரவாயில்லை என்று தெரியும். அது கிழங்கும் உப்பில் ஒரு பங்கு வாங்கிக்கொள்வதால் வருவது. அதே வேலையைக் கத்தரிக்காயும் செய்யும், சோற்று உருண்டையும் செய்யும்.

குழம்பில் கரைந்த உப்பை வெளியே எடுக்க வழியே கிடையாது. உப்பில்லாததை அதோடு சேர்க்கலாம், அவ்வளவுதான். இரண்டு மடங்கு உப்பு விழுந்திருந்தால் குழம்பும் இரண்டு மடங்காக வேண்டும். அத்தனை குழம்பு வேண்டாமென்றால் பாதியை எடுத்து வைத்துவிட்டு, மீதிப் பாதிக்கு உப்பே போடாத இன்னொரு பாதியைச் செய்து சேர்க்க வேண்டும்.

மாடிப் பெண்ணின் சட்டியில் அதைத்தான் செய்தோம். கறித்துண்டுகளை அரித்துத் தனியே எடுத்தோம். குழம்பில் சரிபாதியை ஒரு தூக்குவாளியில் ஊற்றி ஓரமாக வைத்தோம். வாய் அகன்ற வாணலியில் நல்லெண்ணெய் காயவைத்து இருபது சின்ன வெங்காயம், மூன்று தக்காளி, கொஞ்சம் கறிவேப்பிலை போட்டுச் சுருள வதக்கினோம். வெங்காயம் சீக்கிரம் வதங்கட்டும் என்று அவள் கை பழக்கத்தில் உப்பு டப்பாவுக்குப் போயிற்று, பிடித்து நிறுத்தினேன். இரண்டு ஸ்பூன் மல்லித்தூள், ஒரு ஸ்பூன் மிளகாய்த்தூள் போட்டு அந்த எண்ணெயிலேயே பிரட்டினோம். அரை மூடித் தேங்காய், ஒரு கைப்பிடி பொரிகடலை, கொஞ்சம் சோம்பு, கசகசா அரைத்து ஊற்றி, வெந்நீர் விட்டு, ஓரத்தில் எண்ணெய் மிதக்கும் வரை கொதிக்க வைத்தோம். அதற்கப்புறம்தான் கரித்த பாதிக் குழம்பையும் கறியையும் அதில் சேர்த்துச் சிறுதீயில் இருபது நிமிஷம் விட்டோம். அந்த இருபது நிமிஷத்தைக் குறைக்கக் கூடாது. கறிக்குள் ஏறிய உப்பு, சுற்றியிருக்கிற குழம்பு நீர்த்த பிறகு மெதுவாகத்தான் வெளியே வரும்.

மாமியார் இரண்டாவது தடவையும் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தூக்குவாளியில் இருந்த பாதி வீணாகவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் உப்பில்லாமல் வேகவைத்த உருளைக்கிழங்கை உதிர்த்து அதில் போட்டுக் கிளறினாள், தோசைக்கு நன்றாக இருந்தது. உருளைக்கிழங்கைப் போட வேண்டிய இடம் அதுதான், சாப்பிடுவதற்காகப் போட வேண்டும்.

அந்த உப்பு எப்படிக் கூடியது என்று அப்புறம் உட்கார்ந்து பேசினோம். நீங்கள் கவனிக்க வேண்டியது இதுதான். அவள் கையில் இருந்த சமையல் குறிப்பில் 'உப்பு இரண்டு ஸ்பூன்' என்று இருந்தது. அம்மா வீட்டில் கல் உப்பு, இங்கே பாக்கெட் தூள் உப்பு. அதே ஸ்பூனில் கல் உப்பை அள்ளினால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். தூள் உப்பு நெருங்கி உட்காரும், எடை கூட நிற்கும். குறிப்பு எழுதியவர் கல் உப்பை நினைத்து எழுதியிருப்பார், படித்தவள் தூள் உப்பை அள்ளிப் போட்டாள். இரண்டு பேர் மேலும் தப்பில்லை. 'கல் உப்பு' என்ற ஒரு வார்த்தை அச்சில் இல்லை. அத்தோடு, உப்பைப் பாதி முதலில், மீதி குழம்பு சுண்டி இறக்குகிற நேரத்தில் என்று பிரித்துப் போடச் சொல்லியிருந்தாலும் தப்பித்திருப்பாள்.

காரத்துக்கும் ஒரு கதை சொல்கிறேன். அழகர் ஆற்றில் இறங்குகிற நாள் கோரிப்பாளையம் எப்படி இருக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலூர், நத்தம், அலங்காநல்லூர்ப் பக்கமெல்லாம் இருந்து ஜனம் வந்து இறங்கும், கைக்குழந்தையோடும் வயசானவர்களோடும். அன்று எங்கள் மெஸ்ஸில் சைவம்தான். கத்தரிக்காய், முருங்கைக்காய் போட்டுப் புளிக்குழம்பு. நாங்கள் எப்போதும் ராமநாதபுரம் குண்டு மிளகாய்தான் வாங்குவோம். நிறமும் மணமும் நன்றாக இருக்கும், காரம் மட்டாக இருக்கும். (அதற்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.) அந்த வருஷம் கீழமாசி வீதியில் குண்டு மிளகாய் சரியாக அமையாமல், நீள மிளகாய் வாங்கி அரைத்து வைத்திருந்தோம். அளவைக் குறைக்க மறந்துவிட்டேன். முதல் பந்தியில் ஒரு பாட்டி ஒரு வாய் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவசரத்தில் எல்லோரும் செய்வது தண்ணீர் ஊற்றுவது. மிளகாயின் காரம் தண்ணீரில் கரைவதில்லை, கொழுப்பில்தான் கரையும். தண்ணீர் ஊற்றினால் புளிப்பும் உப்பும் நீர்த்துப் போகும், காரம் எண்ணெயோடு மேலே மிதந்துகொண்டே இருக்கும். தண்ணீர் குடித்தால் எரிச்சல் அடங்காது என்பதும் இதனால்தான். மோர் குடித்தால் அடங்குவது, அதிலிருக்கிற பால் புரதம் காரத்தைப் பிடித்துக்கொள்வதால். நான் முதலில் மேலே மிதந்த எண்ணெயைக் கரண்டியால் வழித்து எடுத்தேன். வீட்டுக்காரர் ஐந்து தேங்காய் உடைத்துத் துருவினார், அரைத்துச் சேர்த்தேன். சாம்பாருக்கென்று வேகவைத்திருந்த துவரம் பருப்பு முழுவதையும் கடைந்து குழம்பில் கொட்டினேன். புளிக்குழம்பு பருப்புக் குழம்பாகிவிட்டது. பெயரை மாற்றிச் சொல்லிப் பரிமாறினோம். பந்தியில் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். முதல் பந்திப் பாட்டிக்கு மோர் கொடுத்து, மறுபடி சோறு போட்டு அந்தக் குழம்பை ஊற்றினேன். அன்றைக்குக் கிடைத்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் ஆசிரியர் அவர்களே, வீட்டுக் குழம்பு அதிகம் கெடுவது உப்பாலோ காரத்தாலோ இல்லை. பச்சை வாடையால்தான். எல்லாவற்றையும் குக்கரில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, தூளையும் கொட்டி மூடி, ஐந்து விசில் விட்டு இறக்குகிறார்கள். கறி வெந்துவிடும், மசாலா வேகாது. தண்ணீர் இருக்கும் வரை திறந்த சட்டியின் சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. குக்கரில் இருபது டிகிரி கூடலாம், அவ்வளவுதான். மல்லியும் மிளகாயும் இஞ்சி பூண்டும் பச்சை வாடை போய் மணம் மாறுவதற்கு அது போதாது. எண்ணெயில் பிரண்டால்தான் அதற்கு மேல் சூடு ஏறும். எங்கள் அம்மா வெங்காயமும் மசாலாவும் வதக்குவதற்கே அரை மணி நேரம் நிற்பாள்.

பச்சை வாடை அடிக்கிற குழம்பைப் பார்த்துக் கைவிட வேண்டாம். மீட்க மிகச் சுலபமானது அதுதான். கறியையோ காயையோ அரித்து எடுத்துவிட்டு, குழம்பை வாய் அகன்ற வாணலிக்கு மாற்றி, நல்ல தீயில் வற்ற விட வேண்டும். காது கொடுத்துக் கேட்டால் தெரியும். முதலில் தளதளவென்று கொதிக்கும். வற்ற வற்றச் சத்தம் கனத்து, பொத்துப் பொத்தென்று குமிழி வெடிக்கும். அப்போது ஒரு கரண்டி எண்ணெயை ஓரத்தில் சுற்றிலும் விட்டு, அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்தால், கலங்கலாக இருந்தது பளபளப்பாகும், எண்ணெய் பிரிந்து வரும், அடுப்பங்கரை மணமே மாறிவிடும். அதற்கப்புறம் வெந்நீர் விட்டு வேண்டிய பதத்துக்குக் கொண்டுவந்து, கறியைத் திரும்பப் போட வேண்டியதுதான். குழம்பு வற்றும்போது உப்பும் தூக்கலாகத் தெரியும், பயப்பட வேண்டாம், வெந்நீர் விட்டதும் இறங்கிவிடும்.

புளிப்பு கூடினால் ஒரு சின்னத் துண்டு மண்டை வெல்லமும், வெந்த பருப்பு இரண்டு கரண்டியும் போதும். மாசி, பங்குனியில் வருகிற புதுப்புளிக்கும் போன வருஷத்துப் பழம்புளிக்கும் ருசி வேறு. அதனால் எலுமிச்சை அளவு என்று எழுதினால் எந்தப் புளி என்றும் எழுதலாம். பருப்பு வேகாமல் முழித்துக்கொண்டு நின்றால், போர் தண்ணீரில் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள், அல்லது வேகுமுன்பே புளி ஊற்றிவிட்டீர்களா என்று பாருங்கள். கறி கடினமாக இருந்தால் நேரம்தான் மருந்து. கொட்டாங்கச்சித் துண்டு போட்டால் சீக்கிரம் வேகும் என்பார்கள், எத்தனையோ தடவை போட்டுப் பார்த்தேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பப்பாளிக்காய்த் துண்டு கொஞ்சம் அரைத்துக் கறியில் முன்கூட்டியே பிசறி வைத்தால் நிச்சயம் வேலை செய்யும்.

மீட்க முடியாததையும் சொல்லிவிட வேண்டும். தீய்ந்த கசப்பு போகாது. தாளிக்கும்போது வெந்தயம் கருகினாலோ பூண்டு கருகினாலோ, அந்தக் கணமே எண்ணெயோடு கொட்டிவிட்டு வேறு எண்ணெய் வைப்பது நல்லது. அப்போது போவது இரண்டு கரண்டி எண்ணெய், பிறகானால் சட்டிக் குழம்பும் போகும். அடிபிடித்துவிட்டதென்றால் கிளறவே கூடாது. அடியைத் தொடாமல் மேலாக இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்தில் மெதுவாகச் சாய்த்துக்கொள்ள வேண்டும். கரண்டியை விட்டுச் சுரண்டிய பிறகு சோழவந்தான் வெற்றிலை நாலு கிள்ளிப் போட்டாலும் அந்த வாடை போகாது.

கெட்டுப்போனது வேறு, சரியாக அமையாதது வேறு. சித்திரை வெயிலில் காலையில் வைத்த குழம்பு சாயங்காலம் நுரைத்துப் புளித்த வாடை அடித்தால் அதில் எந்தப் பக்குவமும் செய்யக் கூடாது. சில கிருமிகள் விட்டுவிட்டுப் போகிற நஞ்சு, கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. மெஸ்ஸில் அப்படி இரண்டு தடவை ஆகியிருக்கிறது, இரண்டு தடவையும் கொட்டிவிட்டு, மோரும் துவையலும் போட்டுப் பாதிப் பணம் வாங்கினோம்.

என் வேண்டுகோள் இதுதான். உருளைக்கிழங்குக் குறிப்பு சரியில்லை என்று அதே கட்டத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். உப்பு என்று எழுதும் இடத்திலெல்லாம் கல் உப்பா தூள் உப்பா என்று சேர்த்து எழுதுங்கள். ஒவ்வொரு சமையல் குறிப்பின் அடியிலும் 'பிசகினால்' என்று தலைப்பிட்டு இரண்டு மூன்று வரி கொடுங்கள். மீன் குழம்பென்றால் மீன் உடைந்தால் என்ன செய்ய, மோர்க் குழம்பென்றால் திரிந்தால் என்ன செய்ய என்று. இடம் போதாதென்றால் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கலாம். படத்தில் இருக்கிற மாதிரி வரவில்லையே என்றுதான் எங்கள் மாடிப் பெண் மாதிரிப் பிள்ளைகள் முதலில் மனம் உடைகிறார்கள். கல்யாண வீடுகளில் சமைக்கிறவர்கள், சத்துணவுக் கூடங்களில் சமைக்கிற அக்காமார், மெஸ் நடத்துகிறவர்கள் எல்லோரிடமும் இந்தப் பக்குவம் இருக்கிறது. கேட்டு எழுதி வாங்குங்கள், கொடுப்பார்கள். நானும் எழுதித் தருகிறேன், பணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நாள்பட்ட வாசகி,
ஆனையூர், மதுரை.

பின்குறிப்பு: மாடிப் பெண்ணிடம் படித்துக் காட்டி, சரி என்று கேட்டுத்தான் இதை அனுப்புகிறேன். தூள் உப்பில் ஒன்றேகால் ஸ்பூன் அவள் சட்டிக்குச் சரியாக வருகிறது என்பதையும் எழுதச் சொன்னாள். போன ஞாயிற்றுக்கிழமை அளந்து பார்த்திருக்கிறாள்.